திரையின் இடது மூலை

இன்றைக்கு யார் மேலும் எரிந்து விழக் கூடாது என்று காலையில் பல் தேய்க்கும்போதே அவள் முடிவு செய்திருந்தாள். பதினொன்றே கால் மணி வரை அந்த முடிவு தாக்குப்பிடித்தது. அப்போதுதான் கொழுந்தன் லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடி அறையிலிருந்து இறங்கி வந்தான். சாப்பாட்டு மேசையில் வைத்து மூடியைத் திறந்தான்.

"அண்ணி, சின்னதா ஒரு பிரச்சினை."

சின்னதாம்! திரை முழுக்கக் கோடு. பச்சையும் ஊதாவுமாய் மேலிருந்து கீழே இறங்கிய கோடுகள் போதாதென்று, படமே குறுக்கே அறுபட்டு, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி இன்னொரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு நின்றது. எழுத்து என்று எதுவும் இல்லை, எழுத்தின் கை கால்கள்தான் இருந்தன. அம்புக்குறி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தன. ஆறும் துடித்துக்கொண்டிருந்தன.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நேத்து நல்லா இருந்துச்சு. காலையில ஒரு கடைசி அப்டேட் போட்டேன்."

"யாரு கேட்டா உன்கிட்ட அந்தக் கடைசி அப்டேட்டை?"

"அதெல்லாம் கேக்காமயே போட்டு வச்சிரணும் அண்ணி. திரையை ஓட்டுற டிஸ்ப்ளே டிரைவர் கொஞ்சம் முறுக்கிக்கிச்சு, அவ்வளவுதான். லினக்ஸ்ல இது சகஜம். பத்து நிமிஷம் குடுங்க."

பத்து நிமிடம் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வது? மூன்று மணிக்குத் தேர்வு. பள்ளிக்கூடப் பாடநூல்கள் அச்சிடும் ஒரு பெரிய பதிப்பகம் பிழை திருத்த ஆள் எடுக்கிறது. மூன்றிலிருந்து நான்கு வரை அவர்கள் அனுப்பும் பக்கங்கள் திரையில் திறந்திருக்கும். அதற்குள் பிழைகளைக் குறித்து அனுப்ப வேண்டும். இந்தத் தேர்வை அவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வைப்பார்கள், நாற்பத்தைந்து தாண்டியவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அச்சகத்தில் ஆறு வருடம் பிழை திருத்தியவள். இன்றைக்கும் மருந்து அட்டையில் எழுத்துப் பிழை இருந்தால் மாத்திரையை விழுங்காமல் பேனாவைத் தேடுகிறவள். இன்று விட்டால் இனி அந்த வேலை இல்லை. கணக்கு அவ்வளவு சுலபம்.

லினக்ஸ் என்கிற இந்த இயங்குதளமும் ஆசைப்பட்டுப் போட்டதில்லை. போன வாரம் பயிற்சிப் பக்கத்தைத் திறந்தபோது, உங்கள் இயங்குதளம் மிகவும் பழையது என்று பதிப்பகத்தின் இணையதளம் மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. போனில் திறந்தால் கணினியில் மட்டுமே என்றது. உடனே கொழுந்தன் மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அவனுக்கு வீட்டில் சிஸ்டம் என்றுதான் பெயர். குழாய் ஒழுகினாலும், பஸ் தாமதமானாலும், மழை பெய்யாவிட்டாலும், "சிஸ்டமே சரியில்ல அண்ணி" என்பான். எந்த சிஸ்டம் என்று கேட்டால் பதில் வராது. ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற வேலை. "லினக்ஸ் போட்டா இந்தக் கிழட்டு லேப்டாப் குதிச்சு ஓடும்" என்றான். போட்டான். நேற்று ஓடத்தான் செய்தது. அவள் பயிற்சித் தேர்வு கூட எழுதிப் பார்த்துவிட்டு, வெகு நாளைக்கு அப்புறம் அவனை வாயார வாழ்த்தினாள்.

அந்த வாழ்த்தை இப்போது திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

குளியலறைப் பக்கம் அவள் கணவர் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் எதையாவது கழற்றாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டில் எது ஆடினாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். தடித்த தாளை நான்காய் மடித்து, பழுப்பு டேப்பை மேலே இரண்டு சுற்று சுற்றி, இடுக்கில் செருகிவிடுவார். லிஃப்ட் கதவுகள் கடகடப்பதற்கு அவர் கண்ட மருந்து அது. சாப்பாட்டு மேசையின் கால், ஃபிரிட்ஜின் பின்பக்கம், ஜன்னல் சட்டம், மாமியாரின் கட்டில் என்று வீடே அந்த மடிப்பில்தான் நின்றுகொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வந்து இந்தக் கூத்தைப் பாருங்க!"

அவர் எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்தவர், அதே வேகத்தில் தாழ்ப்பாளுக்குத் திரும்பிவிட்டார்.

"தம்பிக்குத் தெரியும், அவன் பாத்துக்குவான். நீ டென்ஷன் ஆகாத" என்றார்.

டென்ஷன் ஆகாதேயாம். இந்தக் கோடுகளை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே பதிப்பகத்தின் போன தேர்வு அன்று காலையில், இதே மேசையில், இதே பச்சையும் ஊதாவும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஏதோ ஒரு திரைச்சீலைக் கம்பி விஷயமாகக் கணவரோடு அவளுக்கு வாய்த் தகராறு. கோபத்தில் லேப்டாப்பைப் பட்டென்று அடித்து மூடிவிட்டு எழுந்து போனாள். மறுநாள் திறந்தால் கோடு. தேர்வு போயிற்று. ஒரு வாரம் கழித்து அவர் கடைக்கு எடுத்துப் போய்ச் சரி செய்துகொண்டு வந்தார். "இனிமே மெதுவா மூடு, என்ன" என்று தன்மையாகச் சொன்னார். அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள்.

அவர் தன்மையாகச் சொன்னதோடு விட்டார், மாமியார் விடவில்லை. இரண்டு வருடமாக அவள் கதவைச் சாத்தினால், டப்பாவை மூடினால், இழுப்பறையைத் தள்ளினால், உள்ளறையிலிருந்து ஒரு குரல் வரும்: "மெதுவாம்மா, மெதுவா! லேப்டாப்பு மாதிரி ஆயிடப்போவுது." வருகிறவர் போகிறவரிடம் கூட அந்தக் கதை சொல்லப்பட்டாயிற்று. கேட்டவர்கள் சிரித்தார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வேறு வழி?

"டேய் சிஸ்டம், இது அன்னிக்கு வந்த அதே கோடுடா" என்றாள்.

"அது ஹார்ட்வேர் அண்ணி. நீங்க அடிச்சு மூடினதால வந்தது. இது சாஃப்ட்வேர். பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

அடித்து மூடியதையும் சந்தடி சாக்கில் ஒரு தடவை சொல்லிக்காட்டிவிட்டான்.

பதினொன்றரைக்கு அவன் லேப்டாப்பை அணைத்துப் போட்டு, ஏதோ ஒரு விசையை விடாமல் அமுக்கி, ஒரு பட்டியலை வரவழைத்தான். பட்டியலும் கோடு கோடாகத்தான் வந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு வரியைத் தேடி அதன் கடைசியில் ஏதோ ஒரு வார்த்தையைத் தட்டினான்.

"இந்த ஒத்த வார்த்தைக்கு எல்லா டிஸ்ப்ளேயும் அடங்கிரும் அண்ணி."

அடங்கவில்லை. பன்னிரண்டுக்கு, புதிய அப்டேட்டைத் தள்ளிவிட்டுப் பழையதில் கிளப்பினான். பழையதிலும் அதே கோடு. பன்னிரண்டே காலுக்குத் திரையின் அளவைக் குறைத்தான். கோடுகள் தடித்தன. பன்னிரண்டரைக்கு, லினக்ஸ் போடப் பயன்படுத்திய பென் டிரைவைச் செருகி அதிலிருந்தே கிளப்பினான். அதிலும் கோடு.

"பென் டிரைவுலயும் இருக்கா?" என்று அவள் கேட்டாள். "அதுல நீ அப்டேட் எதுவும் போடலையே?"

"போடல."

"அப்புறம் எப்படிடா அதுலயும் வரும்?"

"அது... பென் டிரைவுலயும் அதே குடும்பத்து டிரைவர்தான் அண்ணி. பரம்பரை வியாதி."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் தன் போனை எடுத்து உலகத்து லினக்ஸ்காரர்கள் எல்லாம் கூடிப் பேசும் ஒரு மன்றத்தில் தேட ஆரம்பித்தான். ஐந்து நிமிடத்தில், "கிடைச்சாச்சு!" என்று துள்ளினான். இதே லேப்டாப், இதே கோடு, எவனோ ஒருவன் மூன்று வருடத்துக்கு முன்னால் விலாவாரியாகக் கேட்டிருந்தான். அவளும் ஆவலாக எட்டிப் பார்த்தாள். கீழே பதினேழு பேர் பதினேழு யோசனை சொல்லியிருந்தார்கள். கடைசியில் கேட்டவனே வந்து எழுதியிருந்தான்: 'பிரச்சினை தீர்ந்தது. அனைவருக்கும் நன்றி.'

"எப்படித் தீந்துச்சாம்?"

"அதை எழுதல."

"எழுதலையா?"

"எழுதல அண்ணி."

"பாவிப்பய! நன்றி சொல்ல நேரமிருந்துச்சு, எப்படின்னு ஒரு வரி எழுத நேரமில்லையாமா? இவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

சிஸ்டம் பதினேழு யோசனைகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தான். கோடுகளுக்கு நடுவே எழுத்துத் தெரியாததால் குருட்டாம்போக்கில் தட்டினான். ஒரு எழுத்து தப்பினால் முதலிலிருந்து. அவள் பின்னால் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, "அங்க ஒரு புள்ளி விட்டுட்டே", "இடைவெளி ரெண்டு விழுந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் அவள் பிழை திருத்தத்தான் செய்தாள், என்ன பிரயோஜனம், வேலைக்கான இடம் அதுவல்ல.

நடுவில் மாற்று வழிகளும் ஒவ்வொன்றாகச் செத்தன. சிஸ்டத்தின் அலுவலக லேப்டாப் வெளி இணையதளம் எதையும் திறக்காது. தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஞாயிறு விடுமுறை. எதிர்வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. டிவியில் மாட்டலாமா என்றால், அந்தக் காலத்துப் பெட்டி டிவி, மாட்டுவதற்கு அதில் ஓட்டையே கிடையாது. சாப்பாட்டை நின்றபடியே முடித்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது கை தவறி மேடையில் சத்தமாக வைத்துவிட்டாள்.

"மெதுவாம்மா!" என்றது உள்ளறை. "லேப்டாப்பு மாதிரி..."

"ஆயிடுச்சு அத்தை! மறுபடியும் ஆயிடுச்சு! இந்தத் தடவை நான் தொடவே இல்ல!"

கணவர் தாழ்ப்பாளின் திருகாணியை மூன்றாவது தடவையாகக் கழற்றி மாட்டினார். தாழ்ப்பாள் எப்போதோ சரியாகிவிட்டது என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

மணி இரண்டே கால். சிஸ்டம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"ஒண்ணு பண்ணலாம் அண்ணி. முழுசா அழிச்சிட்டு முதல்லேருந்து போட்டுடலாம்."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம். மிஞ்சிப்போனா ஒரு மணி நேரம்."

"எந்திரிடா" என்றாள் அவள்.

அவன் எழுந்தான். அவள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அச்சகத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். பிழை எங்கே என்று அடித்துப் பிடித்துத் தேடாதே, முதல் எழுத்திலிருந்து வரிசையாக வா. காலையிலிருந்து எல்லாரும் நடுவிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

"முழுசா ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்றேன். நீ வாயைத் திறக்காத."

அணைத்தாள். திரை கறுத்தது. பொத்தானை அழுத்தினாள். லேப்டாப் கம்பெனியின் சின்னம் திரை நடுவில் வந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. சின்னம் குறுக்கே அறுபட்டு, பாதி இடமாகவும் பாதி வலமாகவும் நின்றது. மேலே பச்சைக் கோடு ஓடியது.

"இந்தச் சின்னம் யாரு போடறது? உன் லினக்ஸா?"

"இல்ல அண்ணி, இது லேப்டாப்போடது. லினக்ஸ் இதுக்கப்புறம்தான் கிளம்பும்."

"கிளம்பவே இல்லையா இன்னும்?"

"இல்ல."

"அப்ப லினக்ஸ் கிளம்பறதுக்கு முன்னாடியே ஏண்டா கோடு விழுது?"

சிஸ்டம் குனிந்து திரையைப் பார்த்தான். காலையிலிருந்து அந்தச் சின்னம் நாற்பது தடவையாவது வந்து போயிருக்கும். நாற்பது தடவையும் அவன் அடுத்ததைத் தட்டுவதற்குக் கை ஓங்கிக்கொண்டு நின்றானே தவிர, அதைப் பார்க்கவில்லை.

"அப்ப... ஹார்ட்வேர்" என்றான் மெல்லிய குரலில்.

"மூணு மணி நேரமா என் உயிரை வாங்கிட்டு இப்ப சொல்றியா? சரி, காலையில என்னென்ன பண்ணின? ஒண்ணு விடாம வரிசையா சொல்லு."

"எந்திரிச்சேன். ஆன் பண்ணேன். நல்லாத்தான் இருந்துச்சு. அப்டேட் போட்டேன். அது ஓடிட்டிருக்கும்போது சும்மா இருப்பானேன்னு லேப்டாப்பைத் தொடச்சேன். கீபோர்டுல ஒரே தூசு அண்ணி, பிரஷ் வச்சு எடுத்தேன். திரையைத் தொடச்சேன். கீழ, இந்த இடது மூலையில, சட்டத்துக்கும் திரைக்கும் நடுவுல ஒரு குப்பை மாட்டியிருந்துச்சு. அதை நோண்டி எடுத்துப் போட்டேன். அப்புறம் அப்டேட் முடிஞ்சு..."

"நில்லு. என்ன குப்பை?"

"குப்பைதான் அண்ணி. ஏதோ பேப்பர். நாலா மடிச்சு, மேல பழுப்பு டேப் சுத்தியிருந்துச்சு."

அவள் குனிந்து மேசையின் காலைப் பார்த்தாள். அங்கே, தரைக்கும் மரத்துக்கும் நடுவில், நான்காய் மடித்த தாள் இருந்தது. மேலே பழுப்பு டேப், இரண்டு சுற்று.

நிமிர்ந்தபோது கணவர் குளியலறை வாசலில் திருப்புளியோடு நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கடைக்குக் கொண்டுபோய் ரிப்பேர் பண்ணதா சொன்னீங்களே" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. அதுதான் சிஸ்டத்துக்குப் பயமாக இருந்தது, இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"கடைக்குப் போகல" என்றார் அவர்.

"அப்புறம்?"

"நானே கழட்டிப் பாத்தேன். உள்ள ஒரு பட்டை வயர், அந்த மூலையில லூசா இருந்துச்சு. அழுத்திப் பிடிச்சா கோடு போச்சு. அதான் ஒரு பேப்பர் வச்சேன்."

"நான் அடிச்சு மூடினதால லூசாச்சு. இல்ல?"

அவர் திருப்புளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"நீ அடிச்சு மூடினப்புறம் நான் திறந்து பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஏணியைப் போடறதுக்கு இடம் பண்ணணும்னு ஃபிரிட்ஜ் மேல எடுத்து வச்சேன். பல்பு மாத்திட்டு இறங்கும்போது முழங்கை பட்டு... கீழ விழுந்திருச்சு. காலையில சொல்லிடணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீயே 'ஐயோ நான் அடிச்சு மூடிட்டேனே'ன்னு அழுத. அம்மாவும் அதையே சொன்னாங்க. எனக்கு வாய் வரல. அப்புறம் நாள் போகப் போக..."

"நாள் போகப் போக உங்களுக்கு வசதியாப் போச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"காலையில இந்தக் கோட்டைப் பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. இல்ல?"

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. தம்பி எப்படியும் சரி பண்ணிடுவான்னு..."

"மூணு மணி நேரமா தாழ்ப்பாளைக் கழட்டி மாட்டிட்டு உக்காந்திருந்தீங்க!"

அவளுக்குக் காது மடல்வரை கொதித்தது. இரண்டு வருடம்! ஒரு மூடியைக் கூடப் பயந்து பயந்து மூடிய இரண்டு வருடம். தன் கோபம்தான் தன் வேலையைக் கெடுத்தது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்ட இரண்டு வருடம். இவரிடம் மன்னிப்பு வேறு கேட்டாயிற்று, இவர் அதையும் பெருந்தன்மையாக வாங்கி வைத்துக்கொண்டார். கேட்க வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பது.

"சண்டை நாலு மணிக்கு" என்றாள். "இப்ப இதைச் சரி பண்ணுங்க. டேய், அந்தப் பேப்பர் எங்க?"

"குப்பைக்கூடையில போட்டேன். காலையிலயே குப்பை வண்டி..." என்று சிஸ்டம் இழுத்தான்.

"வாயை மூடு."

கணவர் ஓடினார். காலண்டர் அட்டையைக் கிழித்து நான்காய் மடித்தார், டேப் சுற்றினார், மூலையில் செருகினார். கோடு போகவில்லை. அட்டையை மாற்றி மெல்லியதாய் மடித்தார். கோடு போயிற்று, மூச்சு விடுவதற்குள் தாள் நழுவித் திரும்பி வந்தது. மூன்றாவதைச் செருகும்போது திரையே ஒரு தடவை கறுத்துப் போய் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அன்னிக்கு இதைச் சரியா உக்கார வைக்க எனக்கு ஒரு நாள் புடிச்சுது" என்றார் அவர்.

"எனக்கு ஒரு நாள் இல்ல. எட்டு நிமிஷம் இருக்கு."

அவர் தாளைத் தூக்கி எறிந்தார். லேப்டாப்பின் பின்பக்கம் போய் நின்று, குனிந்து, வலது கையை வளைத்து முன்னால் கொண்டுவந்து, கட்டைவிரலால் அந்த மூலையை அழுத்தினார். பச்சை போயிற்று. ஊதா போயிற்று. ஆறு அம்புக்குறிகளும் ஒன்றாயின. சிஸ்டம் குறுக்கே எட்டித் தேர்வுப் பக்கத்தைத் திறந்தான்; அது சுத்தமாக, ஒரு கோடு கூட இல்லாமல், எதிரில் நின்றது.

"அப்படியே இருங்க" என்றாள் அவள்.

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி வரைக்கும்."

மூன்று மணிக்குப் பக்கங்கள் திறந்தன. ஆறாம் வகுப்பு அறிவியல் பாடம், மொத்தம் எட்டுப் பக்கம். அவள் கண் முதல் எழுத்திலிருந்து தப்பாமல் ஓடியது. ஒற்று விட்ட இடம், இரட்டித்த வரி, பக்க எண் மாறிய இடம். மூன்றாம் பக்கத்தில் ஒரு உடற்கூறுப் படம். அம்புக்குறி நுரையீரலைக் காட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் கல்லீரல் என்று எழுதியிருந்தது. அதைப் பிடித்தபோது அவளுக்குக் காலையிலிருந்து முதல்முறையாக ஒரு சந்தோஷம் வந்தது. இன்னும் நான் நான்தான் என்று பட்டது.

ஐந்தாம் பக்கத்தில் பாதியில் கோடு ஓடியது.

"அழுத்துங்க!"

அழுத்தினார். அவர் முகம் திரைக்கு மேலே தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி தொங்கியது. துடைக்கக் கையில்லை. இன்னொரு கையால்தான் லேப்டாப் பின்னால் சாயாமல் பிடித்திருந்தார். சிஸ்டம் சுவரோரமாகக் கை கட்டி நின்றான். உலகத்திலுள்ள எந்த சிஸ்டத்தைப் பற்றியும் அவனுக்கு அப்போது கருத்து எதுவும் இருக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு உள்ளறைக் கதவு திறந்தது. மாமியார் டீ போட வந்தவர், மகன் குனிந்து நிற்கும் கோலத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"ஏண்டா, இப்படி வளைஞ்சு நிக்கிற? இடுப்புப் புடிச்சிக்கப்போவுது. அவ உடைச்ச லேப்டாப்புக்கு நீ ஏண்டா..."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏழாம் பக்கம், மேலிருந்து ஒன்பதாவது வரி. விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது, மனம் ஓடவில்லை. பதில் என்ன வருகிறது என்று காது மட்டும் காத்திருந்தது.

"அவ உடைக்கலம்மா" என்றார் கணவர்.

"என்னது?"

"அன்னிக்கு நான்தான் கீழ போட்டேன். ஃபிரிட்ஜ் மேலேருந்து. அவ மூடினதால ஒண்ணும் ஆகல. ரெண்டு வருஷமா நான் சொல்லல."

மாமியார் மகனைப் பார்த்தார், மருமகளின் முதுகைப் பார்த்தார், டீ போடாமலேயே திரும்பிப் போய் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மெதுவாகத்தான் சாத்தினார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒன்பதாவது வரியைப் படித்தாள். பத்தாவது வரியில் ஒரு பிழை இருந்தது, குறித்தாள். எட்டாம் பக்கத்தையும் முடித்து, முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்து, நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அனுப்பினாள். 'உங்கள் விடைத்தாள் பெறப்பட்டது' என்று திரையில் வந்தது. அதையும் எழுத்து எழுத்தாகப் படித்தாள். அதில் பிழை இல்லை.

"முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"முடிஞ்சுது."

"நல்லா எழுதினியா?"

"நல்லாத்தான் எழுதினேன். போன தடவையும் நல்லாத்தான் எழுதியிருப்பேன்."

அவருடைய கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது, நகத்தைச் சுற்றி ரத்தமே இல்லை. இன்னமும் எடுக்கத் துணியாமல் அழுத்திக்கொண்டுதான் நின்றார்.

"கையை எடுக்கட்டுமா?"

"எடுங்க. தள்ளி நில்லுங்க."

எடுத்தார். பச்சையும் ஊதாவும் சடாரென்று இறங்கி, வந்த செய்தியைக் குறுக்கே அறுத்தன. அவர் விரலை உதறிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார். அவள் எழுந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். பிறகு லேப்டாப்பின் மூடியை ஒரு கையால் பிடித்து, இரண்டு வருடமாக எந்த மூடியையும் மூடாத வேகத்தில், பட்டென்று அடித்து மூடினாள்.

மேசையே அதிர்ந்தது. சிஸ்டம் துள்ளினான். சத்தம் கூடத்தைத் தாண்டி உள்ளறை வரை போயிற்று.

உள்ளறையிலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

"மணி நாலு" என்றாள் அவள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "உக்காருங்க."